மெல்லிய தகடும் பிள்ளைகள் தூங்கிய வேனும்

மெல்லிய தகட்டுக்கு வெல்டிங் மெஷினை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று, பட்டறையில் வேலை பழகும் நீங்கள் போன வாரம் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். அக்காவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று முருகேசனிடம் சொன்னீர்களாம். மறக்கவில்லை. எண்ணைச் சொன்னால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றுதான் நழுவினேன். கண் அறுவை முடிந்தபின் நான் வெல்டிங் கன்னைத் தொடுவதில்லை. ஆனால் தொட்டுக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் ஒரு வேன் என்னை நன்றாகக் குழப்பியது. அந்தக் குழப்பத்தைச் சொல்கிறேன். எண்ணை அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். திருத்தணி முழுக்கக் காவடியும் மொட்டைத்தலையும்தான். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பட்டறைக்கு உள்ளே திருவாலங்காட்டு விவசாயி ஒருவரின் கரும்பு டிரெய்லர் பாதி பிரிந்த நிலையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் ரேவதி தன் வேனை வெளியே புங்க மரத்தடியில் நிறுத்தினாள்.

ரேவதி அம்மையார்குப்பத்துப் பெண். வீட்டில் மாமனாரும் புருஷனும் பவர்லூம் ஓட்டுகிறார்கள். இவள் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, சுற்று ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறாள். இறங்கியதும் வணக்கம் சொல்லவில்லை, டீ வேண்டாம் என்றாள்.

"அக்கா, சாயங்கால டிரிப்புல பசங்க எல்லாம் தூங்குதுங்க."

"நாள் முழுக்கப் படிச்சிட்டு வருதுங்க. தூங்காம இன்னா செய்யும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன். பின்னாடி சீட்ல எம்பொண்ணு உக்காரும். அத்த எழுப்பினா எழுந்திருக்கல. தூக்கினு வந்து வாசல்ல போட்டப்புறம் வாந்தி எடுத்துச்சி. தலை வலிக்குதுன்னு அழுவுது. டாக்டர்தான் கேட்டாரு, வண்டியில புகை வருதான்னு."

பின்பக்கத்து ரப்பர் பாயைச் சுருட்டினேன். அடியில் தரைத்தகடு துருப்பிடித்து அப்பளம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. நேர் கீழே சைலன்சர். அதிலும் ஓட்டை. பெட்ரோல் புகையில் இருக்கும் நஞ்சுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தூக்கம்தான் வரும். தூக்கம் வருகிறது என்று யாரும் வைத்தியரிடம் போவதில்லை.

அன்றே பக்கத்து மெக்கானிக் சைலன்சரை மாற்றிவிட்டார். தரை எங்கள் பொறுப்பு. பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட்டு எல்லாவற்றையும் கழற்றுவது உங்களுக்குத் தெரிந்த வேலை, அதை விடுகிறேன். நல்ல தகடு தெரியும்வரை துருவை வெட்டி எடுத்தபின், ஒரு பெரிய சோற்றுத்தட்டு அளவுக்கு இரண்டு இடத்தில் தரையே இல்லை. புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். எதைக்கொண்டு, எப்படி என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

முருகேசன் அப்போதே என்னைவிட வேகமான கைக்காரன். டிரெய்லர், கேட், தண்ணீர்த் தொட்டி என்று கனத்த வேலைகளில் ஊறியவன். அவன் சொன்னான்: "சுத்தி ஒரே ஓட்டமா ஓட்டிடலாம் அக்கா. பசங்க ஏறி மிதிக்கிற எடம். ஸ்ட்ராங்கா இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து என் பாவா வந்தார். என் அக்காவைக் கட்டியவர், நகரியில் இருக்கிறார், எங்களுக்கு கேஸ் சிலிண்டரும் கம்பியும் கொண்டுவந்து தருபவர். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த எஃகுக் கம்பியில தொடாத சரசு. பித்தளை நிறத்துல கம்பி ஒண்ணு வந்துகீது. சூடு கம்மியா உருகும், தகடு ஓட்டை விழாது. கார் கம்பெனியிலயே அதான் போடறாங்க" என்றார்.

"அதுக்கு முழு ஆர்கான் கேஸ் வேணுமே பாவா. நம்மகிட்ட கலப்பு கேஸ்தான் கீது."

"கலப்புலயும் ஒட்டும். கொஞ்சம் அப்படி இப்படி வரும்."

அந்த அப்படி இப்படி என்ன என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கெட்டிக்காரர்தான், ஆனால் விற்கிற கையும் ஒட்டுகிற கையும் வேறு வேறு.

என் யோசனை மூன்றாவதாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் நான் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெல்லிய தகடுதான் ஒட்டினேன். அங்கே சின்னக் கம்பி, குறைந்த வோல்ட், கலப்பு கேஸ். கன்னை இழுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போவோம். இழுத்தால் சூடு ஆழமாக இறங்கும், தள்ளினால் மேலாகப் பரவும். எனக்கு அது மனப்பாடம். ஆகவே என் வழியே சரி என்று முடிவு செய்து, உள்ளே மேஜைமேல் அதே கனத்தில் இரண்டு துண்டுத் தகடுகளை ஒட்டிக் காட்டினேன். சீராக வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் மெல்லிய கோடாக ஊடுருவியிருந்தது.

வேனுக்குள் போய் உட்கார்ந்து அதே மெஷின், அதே எண், அதே கையால் ஒட்டினேன். முதல் விரற்கடையிலேயே ஓட்டை விழுந்தது. நகர்ந்து ஒட்டினேன். இப்போது ஓட்டை இல்லை, ஆனால் ஒட்டவே இல்லை. உருகிய உலோகம் தகட்டின்மேல் மெழுகு சொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தது. உளியை வைத்துத் தட்டினால் பெயர்ந்து வந்தது. இன்னும் சற்றுத் தள்ளி, தேன்கூடு மாதிரிப் பொத்தல்கள். ஒரு சாண் நீளத்துக்குள் மூன்று விதமான கோளாறு. மூன்றும் மூன்று வெவ்வேறு காரணத்தால் வருபவை. அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கன்னிலிருந்து கம்பி வெளிவரும் வேகத்தைக் குறைத்தேன். உடனே வோல்ட்டையும் மாற்றினேன். முருகேசன் கேஸைக் கூட்டினான், பொத்தல் குறையும் என்று. பொத்தல் அதிகமானது. பாவா இழுத்துப் பார் என்றார், இழுத்தேன். நன்றாக வந்தது. அடுத்த விரற்கடையில் அதே இழுப்பு ஓட்டை போட்டது. எதை மாற்றியதால் எது நடந்தது என்று சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. மதியத்துக்குள் அந்த ஓரம் கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிட்டது. தகடு வேறு சூட்டில் உப்பி, மிதித்தால் டின் டப்பா போல டொக்கு டொக்கு என்றது.

ரேவதி மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆவுமா அக்கா?"

"ஆவும்" என்றேன். எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

கையுறையைக் கழற்றினேன். எல்லாரையும் வேனை விட்டு இறங்கச் சொன்னேன். முருகேசனுக்குக் கோபம். பாதியில் நிறுத்துவது அவனுக்குப் பிடிக்காது. நான் சும்மா வேனுக்குள் உட்கார்ந்தேன். பின்கதவு வழியாக ஆடிக்காற்று சட்டையை உப்ப வைத்துக்கொண்டு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. உள்ளே பட்டறையில் தொங்கிய பல்பைப் பார்த்தேன். மங்கியது, தெளிந்தது, மங்கியது. தெரு முழுக்கத் திருவிழா சீரியல் செட்டும் ஒலிபெருக்கியும் அதே லைனில்தான் ஓடின. எங்களுடையது பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின். கரன்ட் இறங்கினால் அதுவும் இறங்கும், ஏறினால் ஏறும். மேஜைமேல் ஒட்டியது காலையில், மூடிய இடத்தில். வேனில் ஒட்டியது காற்றிலும் ஆடுகிற கரன்டிலும். உருகும் உலோகத்தை மூடிக் காக்க வேண்டிய கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. முருகேசன் கேஸைக் கூட்டியபோது அது சீறிச் சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் வந்தபோது ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை. கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. எந்த முறை என்று மூன்று பேர் சண்டை போட்டோமே தவிர, அந்தத் தகடு என்ன வேலை செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரேவதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இந்தத் தரை உனக்கு இன்னா செய்யணும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "புகை வராம இருக்கணும். வேற இன்னாக்கா?"

"பசங்க மிதிச்சா தாங்கணுமே" என்றான் முருகேசன்.

"சீட்டு எதுல நிக்குது?" என்று அவனைக் கேட்டேன்.

குனிந்து பார்த்தான். சீட்டின் போல்ட்டுகள் அடியில் ஓடும் கனத்த சட்டங்களில் இறங்கியிருந்தன. சட்டங்களில் துரு இல்லை. பிள்ளைகளின் கனம் அவற்றில்தான் இறங்குகிறது, தகடு தனியாகச் சுமை தாங்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு மேல் மூடியாக இருந்தால் போதும், காற்றுப் புகாமல் இருந்தால் போதும். அப்படியென்றால் ஒரே ஓட்டமாக ஓட்டிச் சூட்டைக் கொட்டத் தேவையில்லை. புள்ளி புள்ளியாக வைக்கலாம்.

மறுநாள், கிருத்திகை அன்று, விடியற்காலையில் தெருவின் சீரியல் விளக்குகள் அணைந்ததும் ஆரம்பித்தோம். வேனைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். தகட்டுக்கு அடியில் ஒரு செம்புப் பட்டையை முட்டுக் கொடுத்தோம், அது சூட்டைக் குடித்துக்கொள்ளும். கன்னின் பட்டனை அழுத்து, தகடு சிவக்கும் முன் விடு. இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி. கை வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறிய பிறகு பக்கத்தில் அடுத்த புள்ளி, முந்தினதைப் பாதி மூடும்படி. எஃகுக் கம்பிதான். பாவாவின் கம்பியை மறுக்கவில்லை. துரு முற்றிலும் போகாத இடத்தில் அது எப்படி ஒட்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாததால் எடுக்கவில்லை. முருகேசன் பொறுமையில்லாமல் முனகினாலும் ஒரு மூலையை என்னைவிடச் சுத்தமாக வைத்தான்.

முடிந்தபின் அவன் அடியில் படுத்து டார்ச் அடித்தான். மேலே தார்ப்பாய் இருட்டில் நான் தேடினேன். ஊசி முனை வெளிச்சம் தெரிந்த இடங்களில் இன்னொரு புள்ளி. பிறகு இடுக்கை அடைக்கும் சீலர் பூசி, பெயின்ட் அடித்து, பாயை விரித்தோம். மிதித்தால் சத்தம் இல்லை. பார்க்கவும் அழகாக இருந்தது.

அடுத்த நாள் டேங்க், சீட்டு எல்லாம் மாட்டி முடிக்க மதியமானது. பள்ளிக்கூடம் மறுநாள் திறக்கிறது. ரேவதிக்குப் போன் மேல் போன். வேன் வருமா வராதா, வராவிட்டால் பொதட்டூர்பேட்டை வேன்காரரிடம் சொல்லிவிடுவோம் என்று பெற்றவர்கள். அவள் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். முருகேசன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. முந்தாநாள் மேஜைமேல் நன்றாக வந்தது வேனில் வரவில்லை. அப்படியானால் நிற்கும் வேனில் சரியாக இருப்பது ஓடும் வேனில் சரியாக இருக்குமா?

"ரேவதி, உம்பொண்ணு சீட்ல நான் உக்காரேன். அது வூட்டுக்குப் போற வழியிலயே ஓட்டு. ஜன்னல் எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே வெய்யி."

"ஆங்" என்றாள், விருப்பமில்லாமல்.

பொதட்டூர்பேட்டை ரோட்டில் போனோம். முன் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஊர் எல்லை தாண்டியதும் எனக்குப் புகை வாசனை வந்தது. முன்னால் போகிற லாரியின் புகை என்று நினைத்தேன். லாரி திரும்பிப் போய்விட்டது. வாசனை போகவில்லை. பாயைத் தூக்கி மூக்கைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பெயின்ட் வாசனைதான். சைலன்சர் புதுசு, தரை புதுசு, புகை மட்டும் பழையபடி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அது புகையினாலா குழப்பத்தினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். நின்றதும் வாசனை இல்லை. ரேவதியின் டேஷ்போர்டில் முருகன் படத்துக்கு முன்னால் ஊதுபத்திக் கட்டு இருந்தது. காற்று கேஸை அடித்துக்கொண்டு போனதை முந்தாநாள் முழுக்கப் பார்த்தவள் நான். இங்கே காற்று என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்றைக் கொளுத்திப் பின்சீட்டில் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டச் சொன்னேன்.

ஓடுகிற வண்டியில் புகை பின்னால்தானே போக வேண்டும். அது முன்னால் போனது. பின்கதவு ஓரத்திலிருந்து யாரோ ஊதுவதுபோல வளைந்து, ரேவதியின் தோள்பக்கம் போய், முன் ஜன்னல் வழியாக வெளியேறியது. கதவு ஓரத்தில் கையை வைத்தேன். ரப்பர் காய்ந்து வெடித்து, விரல் நுழையும் இடைவெளி. அங்கிருந்து காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பின்னால் போய்க் குனிந்தேன். புகைக்குழாயின் வால் பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் யாரோ எப்போதோ அறுத்துவிட்டிருந்தார்கள், முனை துருவேறி இருந்தது. பம்பருக்கு உள்ளேயே, பின்கதவுக்கு நேர் கீழே புகை விடுகிறது. வண்டி வேகமாகப் போகும்போது அந்தப் புகை பின்புறம் சுழன்று நிற்கிறது. முன் ஜன்னல்கள் வண்டிக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்க, கதவு இடுக்கு அந்தப் புகையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ரேவதி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வழியா வந்துச்சா? அப்போ தரைய எதுக்குக்கா ஒட்டினோம்?"

"தரையிலயும் ஓட்டை இருந்துச்சே."

"அது வழியா வந்துச்சா, இது வழியா வந்துச்சா?"

"தெரியல ரேவதி."

உங்களுக்குச் சொல்கிறேன். அந்த இடத்தில் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். எதிரில் இருப்பவள் பயந்திருக்கிறாள், நீங்கள் கற்றவர், ஒரு விளக்கம் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. கொடுக்காதீர்கள். தெரியவில்லை என்றால் அந்த வண்டி கிளம்பக் கூடாது, அவ்வளவுதான்.

"நாளைக்கு ஓட்டாத. ரப்பர் மாத்தணும், கொழாய நீட்டணும்."

"நாளைக்கு நான் போவலன்னா வேற வண்டி புடிச்சிடுவாங்க. அப்புறம் யாரும் எங்கிட்ட வரமாட்டாங்க. ஜன்னல மூடிகினு ஓட்டறனே. இல்ல முன்னாடி சீட்ல மட்டும் ஏத்தறேன்."

"நான் சாவிய வாங்கி வெச்சிக்க முடியாது. வண்டி உன்து. ஆனா உம்பொண்ண அந்தக் கடைசி சீட்ல ஏத்துவியா, சொல்லு."

அவள் போனை எடுத்து ஒவ்வொரு வீடாகப் பேசினாள். வேன் ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. "பசங்க தூங்கினது டயர்டுல இல்லக்கா. என் வண்டி புகை. சரியாவற வரைக்கும் நான் வரல" என்றாள். சிலர் திட்டினார்கள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு தாய் மட்டும் திட்டவில்லை போலும், ரேவதி பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டறைக்குத் திரும்பினோம். முருகேசனிடம் சொன்னபோது முதலில் அவன் நம்பவில்லை. ஊதுபத்தியோடு அவனும் ஒரு சுற்று போய்விட்டு வந்து, குழாய் தேட ஆரம்பித்தான். புகைக்குழாய் தரையைவிட மோசம், பழைய முனை முட்டை ஓடு போல மெலிந்திருந்தது. நல்ல இரும்பு வரும்வரை அறுத்தோம். புதுக் குழாயைப் பழையதன்மேல் சற்று ஏற்றி, சுற்றிலும் எதிரெதிராகப் புள்ளி வைத்து, பிறகு அவற்றைச் சேர்த்தோம். இங்கே இடைவெளி விட முடியாது, சீலரும் நிற்காது, சூடு தின்றுவிடும். தரைக்குச் சொன்ன முறை குழாய்க்கு அப்படியே பொருந்தவில்லை பாருங்கள். இரண்டும் மெல்லிய தகடுதான், ஒரே மெஷின்தான். முனையைப் பம்பருக்கு வெளியே கொண்டுவந்து பக்கவாட்டில் வளைத்துவிட்டோம். கதவுக்குப் புது ரப்பர் போட்டோம். மறுபடி அதே ரோட்டில், அதே சீட்டில், ஊதுபத்தியோடு போனேன். புகை நேராக மேலே எழுந்து கூரையில் பரவி அங்கேயே சோம்பலாக நின்றது.

ஆக, எந்த எண்? குறைவாக ஆரம்பியுங்கள். சின்னக் கம்பி, கலப்பு கேஸ், தள்ளிக்கொண்டு போங்கள், புள்ளியாக வையுங்கள், ஆற விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேஜைமேல் பழகுங்கள், ஆனால் மேஜையை நம்பாதீர்கள். அந்தத் தகடு எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாமல் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் அந்த வேனில் முழித்தேன்.

வேன் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று சாயங்காலம் ரேவதி போன் செய்தாள். வண்டியை எங்கோ ஓரம் கட்டியிருந்தாள். அவள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அவளுக்குப் பின்னால் அவ்வளவு கூச்சல்.

"கேக்குதாக்கா? ஒண்ணுகூட தூங்கல. எம்பொண்ணு பின்னாடி எழுந்து நின்னு கத்திகினு கீது. வண்டி ஓட்ட முடியல."

நான் போனை முருகேசன் காதில் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினான்.

"எது அக்கா சரி பண்ணுச்சி? தரையா, சைலன்சரா, கொழாயா, ரப்பரா?"

"தெரியலடா."

"ஒவ்வொண்ணா கழட்டிட்டு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

அதைச் சொல்லிவிட்டு அவனே போய் டிரெய்லர் வேலையைத் தொடங்கினான். வேனைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்க நானும் எழுந்திருக்கவில்லை.